கோடு ஃபுல்லா இருக்கு, கால் மட்டும் ஏன் கட்டாகுது?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் டார்மிட்டரில இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா தேக்காவுக்கு வந்து ஊருக்கு வீடியோ கால் போட்டா அம்மா முகம் அப்படியே நின்னுடுது. போன்ல கோடு என்னவோ ஃபுல்லா காட்டுது. போன் கோளாறா, சிம் கோளாறா?
– வாசகர், துவாஸ்

பதில்: பெரும்பாலும் ரெண்டும் இல்ல தம்பி. டவர்லேர்ந்து வர்ற சிக்னல் எவ்வளவு பலமா கிடைக்குதுன்னுதான் அந்தக் கோடு காட்டும், அங்க உங்களுக்கு இடம் மிச்சம் இருக்கான்னு காட்டாது. ஒரு டவர் ஒரு நேரத்துல அனுப்புற டேட்டாவுக்கு அளவு உண்டு, அதை அந்த வட்டாரத்துல இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும், ஞாயித்துக்கிழமை சிராங்கூன் ரோடு பூரா ஜனம் நின்னு ஒரே நேரத்துல ஊருக்கு வீடியோ போட்டா என்ன ஆகும், பந்தியில ஆளு கூடிக்கிட்டே போகுது, அண்டா அதே அண்டாதான்.

இதைச் சரி பண்ண வழி இருக்கு. அலைவரிசையோட அகலத்தைக் கூட்டலாம். 4ஜில ஒரு கேரியர், அதாவது ஒரு அலைவரிசைத் துண்டு, அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ், 5ஜில 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 100 வரைக்கும் போகும். ஒரே பெட்டிக்குள்ள 64 சின்ன ஆன்டெனா வச்சு ஆள் இருக்கிற பக்கமா சிக்னலைக் குவிக்கிறதும் நடக்குது. ஆனா தேக்கா மாதிரி நெரிசலான இடத்துக்கு செல்லை, அதாவது ஒரு டவர் கவனிக்கிற வட்டாரத்தை, சின்னதாக்குறதுதான் நல்ல மருந்துன்னு நான் நினைக்கிறேன். பெரிய டவர் ஒண்ணையே நம்பாம கட்டடச் சுவர்லயும் கம்பத்துலயும் சின்ன ஸ்டேஷனா வச்சா அதே அலைவரிசையை ரெண்டு தெரு தள்ளி மறுபடி பயன்படுத்திக்கலாம், 1947லயே அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல எழுதி வச்ச யோசனைதான் இது. பக்கத்து பக்கத்துல வச்சா ஒண்ணோட சிக்னல் இன்னொண்ணைக் கெடுக்கும், அதனால பவரையும் ஆன்டெனா சாய்வையும் பாத்துப் பாத்து வைக்கணும். வாரநாள் சராசரியை வச்சு கணக்குப் போடாம ஞாயித்துக்கிழமை கூட்டத்தை வச்சுப் போடணுங்கிறது என் ஆசை, ஏன்னா வாரம் பூரா உழைச்சவருக்கு அந்த ஒரு கால் அவ்வளவு முக்கியம்.

இப்போதைக்கு எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன், மால் பக்கம் போய் இலவச வைஃபைல பேசிப் பாருங்க. இல்லன்னா வீடியோவை நிறுத்திட்டு குரல் மட்டும் பேசுங்க, அதுக்கு ரொம்ப கொஞ்ச டேட்டா போதும்.

கேள்வி: புது பிடிஓ வீடு (அரசாங்க அடுக்குமாடி), ஹால்ல லைன் இருக்கு, பாம் ஷெல்டர் (குண்டு வீச்சுப் பாதுகாப்பு அறை) பக்கத்து ரூம்ல சுத்தமா இல்ல. ஆன்லைன்ல சிக்னல் பூஸ்டர் விக்கிறாங்களே, வாங்கலாமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: வேண்டாம்மா. தொலைத்தொடர்பைக் கவனிக்கிற ஐஎம்டிஏ அமைப்போட அனுமதி இல்லாம அதெல்லாம் போடக் கூடாது, தரமில்லாத பூஸ்டர் டவர் பக்கம் இரைச்சலை அனுப்பி உங்க புளோக்குல இருக்கிற மத்தவங்க லைனையும் கெடுத்துடும். ஷெல்டர் சுவர் தடியான கான்கிரீட், உள்ள கம்பி, கதவு இரும்பு, சிக்னல் அதுல மோதி நின்னுடுது, அதுலயும் 3.5 கிகாஹெர்ட்ஸ் மாதிரி உயரமான அலைவரிசைக்கு சுவரைத் தாண்டுற பலம் கம்மி. 700 மெகாஹெர்ட்ஸ் நல்லாவே உள்ள வரும், 2019 தொடக்கத்துல அனலாக் டிவியை நிறுத்தினதால காலியான இடம் அது, இப்ப 5ஜிக்கு வந்திருக்கு. உங்க வீட்டுக்கு செலவில்லாத வழி வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதிலா வீட்டு வைஃபை வழியா கால் பேசுறது. போன் செட்டிங்ஸ்ல ஆன் பண்ணுங்க, உங்க பிளான்ல அது இருக்கான்னு கம்பெனில கேட்டுக்குங்க, ரூட்டரை ஹால் மூலையில டிவிக்குப் பின்னால ஒளிச்சு வைக்காதீங்க.

கேள்வி: எதிர் புளோக்கு மொட்டை மாடியில புதுசா ஆன்டெனா வச்சிருக்காங்க. பேரப்பிள்ளைங்க இருக்காங்க, பயமா இருக்கு.
– வாசகர், தோ பாயோ

பதில்: உங்க கவலை புரியுதுங்க ஐயா. இது எக்ஸ்ரே மாதிரி அணுவிலேர்ந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுக்கிற கதிர் இல்ல, தூரம் கூடக் கூட பலமும் வேகமா குறைஞ்சுடும். இன்னொண்ணும் இருக்கு, டவர் தூரத்துல இருந்தா போன்தான் பவரைக் கூட்டி அனுப்பும், அந்தப் போன் காதுல ஒட்டி இருக்கும். ஆன்டெனா பக்கத்துல வந்தா போன் அடக்கமா வேலை செய்யும். மாடில ஆன்டெனாவுக்கு முன்னாடி போய் நிக்காம இருந்தா போதும்.