விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பற்கள்: பெற்றோர் கேட்டவை

மூளை முடக்குவாதம் உள்ள 7 வயது மகன், பிரஷை வாய்க்குள் வைத்தவுடன் கடித்துப் பிடிக்கிறான். (மூதூர்)

அது அடம் இல்லை, அம்மா. வாயில் ஏதும் பட்டால் அவன் தாடை தானாகவே இறுகுகிறது. முன்னால் நின்று துலக்க வேண்டாம். கதிரையில் இருத்தி, பின்னால் நின்று தலையை உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும். முதலில் பற்களின் வெளிப்புறம். சுட்டுவிரலால் கன்னத்தை விலக்குங்கள், பற்களுக்கு இடையே மட்டும் விரல் போகக்கூடாது. கடித்துவிட்டால் இழுக்காமல் தாடை தளரும்வரை பொறுங்கள். ஒரு பிரஷைக் கடிக்கக் கொடுத்துவிட்டு இன்னொன்றால் துலக்குவது பல வீடுகளில் கைகொடுக்கிறது. கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சோற்றையும் றஸ்க்கையும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பாருங்கள். சூத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பற்பசையில் 1000 பிபிஎம் (ppm என்று குழாயில் போட்டிருக்கும் அளவு) புளோரைட்டாவது இருக்கட்டும். துப்பத் தெரியாதவனுக்கு அரிசிமணி அளவு போதும். நுரையை ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள்.

மகளுக்கு வலிப்பு. இரவில் பாணி மருந்து கொடுத்துத்தான் படுக்க வைக்கிறேன். (கிண்ணியா)

மருந்தை முதலில் கொடுங்கள், பிறகு பல் துலக்குங்கள். அதன்பின் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம், பால்மா கரைத்த போத்தலும்தான். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதால் பாணியிலுள்ள சீனி விடியும்வரை பல்லில் தங்கிவிடும். சீனியில்லாத வகை உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பெனிட்டோயின் என்ற வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைக்கு முரசு வீங்கி வளரலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஓட்டிசம் உள்ள மகன் பற்பசை மணத்துக்கே ஓடுகிறான். (உப்புவெளி)

மின்ட் எரிவு பல பிள்ளைகளுக்குத் தாங்காது. புளோரைட் உள்ள, மணமும் நுரையும் குறைந்த பசையைத் தேடுங்கள். சில நாள் வெறும் ஈர பிரஷ் உதட்டில் பட்டாலே போதும். பிறகு முன்பல், பிறகு கடைவாய். நேரமும் இடமும் மாறாமல் இருக்கட்டும். சொன்னதைச் செய்தால் டொபி கொடுக்கும் பழக்கத்தை வீட்டிலும் வகுப்பிலும் தயவுசெய்து விடுங்கள். ஊஞ்சலோ விருப்பமான பாட்டோ பரிசாகட்டும்.

பால்பல் விழத்தானே போகிறது? (நிலாவெளி)

விழும்வரை சூத்தைப் பல்லின் வலியை யார் தாங்குவது? சொல்லத் தெரியாத பிள்ளை சாப்பிட மறுக்கும், தலையில் அடித்துக்கொள்ளும்; குணம் மாறிவிட்டது என்று நாம் நினைப்போம். சூத்தை முற்றினால் மயக்கமருந்து கொடுத்துத்தான் சிகிச்சை செய்யவேண்டி வரலாம். மாதமொருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசோரம் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளை தெரிந்தால் அந்தக் கட்டத்தில் இன்னும் மீட்கலாம். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காக்கும் புளோரைட் பூச்சை (வார்னிஷ்) பல் வைத்தியரிடம் பூசுவது சில நிமிட வேலை, வலியில்லை. 6 வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைக்கும் பல் அல்ல. அதன் பள்ளங்களை அடைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்று தயங்காமல் அரச பற்சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

குழாயால் உணவு கொடுக்கும் மகளுக்கும் பல் துலக்க வேண்டுமா? (தம்பலகாமம்)

கட்டாயம். மெல்லாத வாயில் காரை (பல்லில் இறுகும் அழுக்கு) வேகமாகப் படியும், அதிலுள்ள கிருமி நுரையீரலுக்கு இறங்கிச் சளிக்காய்ச்சல் (நிமோனியா) வரலாம். நிமிர்த்தி இருத்தி, பசையைத் தடவினாற்போல் வைத்து, வாய்க்குள் தண்ணீர் சிந்தாமல் இரு வேளையும் துலக்குங்கள்.