உயரம் கூட்டும் பொடியை வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் போன வாரம்தான் இரண்டு வயது முடிந்தது. உயரம் 78 செ.மீ. ‘வளர்ச்சி குன்றல்’ என்று அங்கன்வாடியில் எழுதிவிட்டார்கள். “நம் குடும்பமே குள்ளம், பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும்” என்கிறார் மாமியார். வீட்டில் முட்டை வாங்கினால் கொழுந்தனார் மகனுக்குத்தான். ஊருக்கு வரும் ஒருவர், உயரம் கூட்டும் சத்துப்பொடி டப்பா 1,800 ரூபாய் என்கிறார். வாங்கலாமா? நான் இப்போது நான்கு மாதக் கர்ப்பம்.
– வாசகி, அரூர் அருகே

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது முட்டை வரும். குழந்தையை உயரமாக்கும் பொடி என்று ஒன்று கிடையாது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ‘இலவச எடை முகாம்’ நடத்துகிறவர்களிடமும் போகாதீர்கள். அவர்களுடைய தராசு எந்தக் குழந்தையையும் ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்னதில்லை. அடுத்து, கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யக் காசு வேண்டாம். வங்கிப் புத்தகத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். அரசுப் பணம் உரிய மாதத்தில் வந்தால் இவர்களுக்கு ஊரில் என்ன வேலை?

இரண்டு வயதுப் பெண் குழந்தையை நிற்க வைத்து அளந்து 79.3 செ.மீ.க்குக் கீழே வந்தால் குன்றல்தான். ஆனால் எப்படி அளந்தார்கள்? இந்த வயதில் குழந்தை நிற்காது, துள்ளும். முழங்கால் மடங்கினாலோ தலை சாய்ந்தாலோ ஓரிரு செ.மீ. போய்விடும்; உச்சிக்குடுமி இருந்தால் கூடிவிடும். குதிகால் சுவரில் பட வேண்டும். ஒருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் தலையை நேராக்க, இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். துணைக்கு ஆளில்லை என்பார் ஊழியர். செயலியில் பதிவேற்றவே பாதி நாளைப் பிடுங்கிக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்?

குள்ளப் பரம்பரை என்ற கதையை விடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை குன்றியிருந்தது. அத்தனையும் பரம்பரையா?

நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. எல்லோரும் கை கழுவிய பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் என்றால், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அதுதான் பங்கு. குன்றல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மகளுக்கு அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டை உண்டு, மற்ற நாள்களில் வீட்டில் கொடுங்கள். உங்களுக்குத் தரும் சத்துமாவு உங்களுக்குத்தான். அதை மாட்டுத் தொட்டியில் கரைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை அளக்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிச் செல்லுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ.கூட ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள்.