சளிப் பரிசோதனையில் வைரஸ் இல்லை. பிறகு எதனால் மரணம்?

கேள்வி: மேலூருக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். சர்க்கரை நோய் இருந்த என் அப்பா (வயது 61), இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்காக மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 12 நாட்கள் வென்டிலேட்டரில் இருந்து இறந்துபோனார். கடைசியாக எடுத்த சளிப் பரிசோதனையில் வைரஸ் இல்லை என்றார்கள். அப்படியானால் அவர் எதனால் இறந்தார்? இறந்த பிறகு நுரையீரலில் ஊசி செலுத்திச் சிறிது சதை எடுத்துப் பார்க்க மருத்துவர் அனுமதி கேட்டார்; பெரியப்பா மறுத்துவிட்டார். எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? இனி அறிய வழி உண்டா?

பதில்: வைரஸ் போய்விட்டது என்பதும் நோய் போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. கடும் வைரஸ் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலைப் பரிசோதிக்கும்போது நோய்க்குறியியல் மருத்துவர்கள் (திசுக்களை ஆராய்ந்து நோயை அறிபவர்கள்) அடிக்கடி காண்பது இதைத்தான்: வைரஸின் சுவடே இல்லாத இடத்திலும் அது தொடங்கி வைத்த சிதைவு நிற்காமல் நடந்துகொண்டிருக்கும்.

இரு நுரையீரல்களும் சேர்ந்து சாதாரணமாக ஒரு கிலோவை ஒட்டிய எடைதான் இருக்கும்; இத்தகைய மரணங்களில் அது இருமடங்காகவும் அதற்கு மேலும் ஆகிவிடுவதுண்டு. நல்ல நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும், இது மூழ்கும். நுரையீரல் என்ற நம் சொல்லிலிருந்து நுரையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஈரல்தானே, தொட்டுப் பார்த்தால் ஏறக்குறைய அப்படித்தான் கெட்டியாக இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் புரியும். காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவர் சிதைந்து, இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த புரதமும் இறந்த செல்களும் சேர்ந்து அறைகளின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலமாகப் படிந்திருக்கும். வென்டிலேட்டர் எவ்வளவு ஆக்சிஜனைச் செலுத்தினாலும் அந்தப் படலத்தைக் கடந்து இரத்தத்தில் சேர்வது கடினம். முதல் வாரத்தில் மேலோங்கியிருக்கும் இந்த நிலை, இரண்டாம் வாரத்திலிருந்து மெல்ல மாறும். உடல் புண்ணை ஆற்ற முயன்று, அறைகளுக்குள் நார்த்திசுவை வளர்த்துவிடும். அந்தக் கட்டத்தில் சளியில் வைரஸைத் தேடினால் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை. உங்கள் அப்பா இறந்தது ஏறக்குறைய இந்தக் கட்டத்தில்தான்.

இது முதல் சாத்தியம். அடுத்தது, வைரஸ் திறந்துவிட்ட கதவு வழியே நுழையும் பாக்டீரியா. 1918–19 இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றில் இறந்தவர்களில் 58 பேரின் உடற்கூறாய்வில் எடுத்துப் பாதுகாக்கப்பட்டிருந்த நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மீண்டும் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, அவை அனைத்திலும் பாக்டீரியா நிமோனியாவின் கடுமையான அடையாளங்கள் இருந்தன. 2009-இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது அந்நாட்டில் இறந்த 77 பேரின் திசுக்களைப் பார்த்ததில் 22 பேருக்குப் பாக்டீரியா தொற்றும் உடனிருந்தது. கடும் இன்ஃப்ளூயன்சாவில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையும் நுரையீரலில் பற்றிக்கொள்ளக்கூடும். உயிருடன் இருக்கும்போது அது கண்ணில் படாமல் நழுவிவிடுவதும் உண்டு.

மூன்றாவது, இரத்த உறைவு. கொரோனா தொடங்கிய காலத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அடுத்தடுத்து 12 உடல்களை ஆராய்ந்தபோது, 7 பேரின் ஆழ்சிரைகளில் (காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாய்களில்) உறைகட்டிகள் இருந்தன. இறக்கும் முன் அவர்களில் யாருக்கும் அப்படியொரு சந்தேகம் எழவில்லை. 4 பேருக்கு அந்தக் கட்டி நுரையீரலை அடைத்ததே நேரடி மரணக் காரணம். உறைவைத் தடுக்கும் மருந்துகளின் மீது மருத்துவர்களின் கவனத்தைத் திருப்பியதில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்ஃப்ளூயன்சாவில் உறைவு அந்த அளவுக்கு மேலோங்குவதில்லை என்றாலும், பல நாட்கள் அசையாமல் படுத்திருந்தவர் விஷயத்தில் அதை ஒதுக்கிவிட முடியாது.

ஊசி வழிச் சோதனை இவற்றில் முதல் இரண்டு சாத்தியங்களைப் பற்றி நல்ல விடை தந்திருக்கும். பெரிய இரத்தக் குழாயை அடைத்த கட்டியை அது தவறவிடலாம். அதற்கு உடலைத் திறந்து பார்ப்பதே வழி.

உங்கள் பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே வெட்டுக்குத்து, விபத்து, மருந்து குடித்தது, போலீஸ் என்றுதான் மனம் போகும். கேத வீட்டுக்கு எப்போது கொண்டுபோவோம் என்று சொந்தபந்தம் காத்திருக்கும் நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்க யாருக்கும் பிடிக்காது. ஆனால் உங்களிடம் கேட்கப்பட்டது அதுவல்ல. காவல்துறை விசாரணைக்குரிய மரணங்களில் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. நோயை அறிவதற்காகச் செய்யப்படும் ஆய்வுக்கோ சம்மதம் கட்டாயம். ஊசி வழியே எடுத்தால் உடலில் எஞ்சுவது சிறு துளைகள் மட்டுமே. இந்த வேறுபாட்டை அனுமதி கேட்டவர் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனித் திசுவைப் பெற வழியில்லை. அடக்கம் செய்திருந்தாலும் நுரையீரல் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் தோண்டியெடுப்பதில் பயனில்லை. மருத்துவமனை ஆவணங்களில் மட்டும் பாதி விடை இருக்கக்கூடும். மாநகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் மரணக் காரணம் இருக்காது. அதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. காரணம் எழுதப்படுவது மருத்துவர் நிரப்பும் படிவம் 4-இல். அதில் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று வரிசையாக இருக்கும். சர்க்கரை நோய் தனிப் பகுதியில் துணைக் காரணமாக எழுதப்பட்டிருக்கலாம். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும், உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் உள்ளவை. எனவே வாரிசு என்ற முறையில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, படிவம் 4-இன் நகலுடன், மூச்சுக்குழாய்ச் சளியின் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவுகள், இரத்தக் கல்ச்சர், சி.டி. ஸ்கேன் அறிக்கை, கால் சிரைகளை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்திருந்தால் அதன் அறிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கிடைத்ததும் ஒரு நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள்; கடைசி வாரத்துக் கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.