பெயருக்குள் இருக்கும் பழைய கதை: கேள்வி பதில்

உலக இலக்கியத்தில் வரும் விவிலியப் பெயர்கள் பற்றி எங்கள் மதுரை வாசிப்பு வட்டத்தில் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

திருமங்கலம் மாணவி: சார், பைபிள் தெரியாமல் ‘மோபி டிக்’ படித்தால் புரியுமா?

திமிங்கல வேட்டைக் கதைதானே, புரியும்மா. ஆனால் வரப்போகும் கேடு முன்கூட்டியே தெரியாது. பைபிளில் ஆகாப், நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்ட இஸ்ரவேல் ராஜா. தீர்க்கதரிசி தடுத்தும் கேட்காமல் மாறுவேடத்தில் போருக்குப் போய், எவனோ எய்த அம்பில் செத்தவன். 1851-இல் நாவலாசிரியர் மெல்வில் தன் கப்பல் தலைவனுக்கு இந்தப் பெயரை வைத்தபோதே அவன் முடிவைச் சொல்லிவிட்டார். கதை சொல்பவன் இஸ்மவேல். ஆபிரகாம் வீட்டிலிருந்து வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் பெயர்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது ‘ராகேல்’ என்ற கப்பல். அதன் தலைவன் கடலில் தொலைந்த மகனைத் தேடி அலைகிறான். உதவி கேட்டுக் கெஞ்சியும் ஆகாப் மறுத்துவிடுகிறான். பிள்ளைகளைப் பறிகொடுத்து ஆறுதலே வேண்டாம் என்று அழும் தாய் ராகேல் பைபிளின் எரேமியா நூலில் வருகிறாள். கடைசியில், ஆகாபின் கப்பல் மூழ்கிய பிறகு, சவப்பெட்டியைப் பிடித்து மிதக்கும் இஸ்மவேலைத் தூக்குவது அந்தக் கப்பல்தான். தேடிய பிள்ளை கிடைக்கவில்லை, வேறொரு அநாதை கிடைக்கிறான். அந்த இடத்தில் ராகேலைத் தெரிந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

உசிலம்பட்டி நண்பர்: ‘அப்சலோம், அப்சலோம்!’ நாவலில் அந்தப் பெயரில் ஆளே இல்லையே, ஐயா?

இல்லைதான். ஃபாக்னர் 1936-இல் தலைப்பில் மட்டும் வைத்தார். பைபிளில், தனக்கு எதிராகக் கிளம்பிச் செத்த மகன் அப்சலோமுக்காகவும் தாவீது ராஜா கதறி அழுதார். நாவலில் வரும் அப்பன் சட்பெனோ ஒரு மகனை மகன் என்று ஏற்கவே மாட்டான். அந்த மகனை இன்னொரு மகன் சுட்டுக் கொல்கிறான். அப்பன் அழாத அழுகை முழுவதும் தலைப்பில் இருக்கிறது.

கருமாத்தூர் வாசகர்: ‘ஏதேனின் கிழக்கே’ காயீன் ஆபேல் கதைதானே?

ஆமாம், அண்ணன் தம்பியைக் கொன்ற அந்தக் கதைதான், இரண்டு தலைமுறைக்கு. ஆங்கிலத்தில் காயீனுக்கு C, ஆபேலுக்கு A. நாவலின் சகோதரர்களின் முதலெழுத்தைப் பாருங்கள்: சார்லஸ், ஆதாம், அப்புறம் கேலப், ஆரன். நாவலாசிரியர் ஸ்டைன்பெக் ஒளித்துவைக்கவே இல்லை.

செல்லூர் அக்கா: தமிழில் இப்படி உண்டா தம்பி?

நம்ம பக்கத்திலேயே உண்டு அக்கா. மதுரை மிஷனில் பணிபுரிந்த வீரமாமுனிவர், தேம்பாவணி காப்பியத்தில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரை வளன் ஆக்கினார், திருமுழுக்கு யோவானைக் கருணையன் ஆக்கினார். தாய் எலிசபெத்தைக் காட்டில் அடக்கம் செய்துவிட்டுக் கருணையன் அழும்போது, மரங்கள்தோறும் சுனைகள்தோறும் காடே சேர்ந்து அழுகிறது. நற்செய்தியில் இந்தக் காட்சி கிடையாது. இது நம் காப்பிய மரபின் அழுகை. பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கிறது. பேரப்பிள்ளையிடம் வாங்கி, உரையை மூடிவைத்துவிட்டு முதலில் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள்.