தண்ணீரில் ஓடுமா கார்?

கேள்வி: தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை இன்ஜினுக்குள் விடும் கிட் ஒன்றை மாட்டினால் மைலேஜ் 30 சதவீதம் கூடும், புகையும் குறையும் என்கிறார் எங்கள் மெக்கானிக். மாட்டலாமா? - வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். அவர் சொல்வதில் பாதி உண்மை என்பதுதான் வம்பே. பெட்ரோலோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தால் நன்றாகத்தான் எரியும்; ஹைட்ரஜனில் தீ பல மடங்கு வேகமாகப் பரவும், காற்றில் 4 சதவீதமே இருந்தாலும் பற்றிக்கொள்ளும், அதனால் எரிபொருளைக் குறைத்துக் காற்றைக் கூட்டினாலும் இன்ஜின் மிஸ் ஆகாமல் ஓடும்.

ஆனால் தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வரவேண்டும், அதைச் சுற்றுவதும் அதே பெட்ரோல்தானே! சரி, கணக்கே போட்டுவிடுவோம். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு நாலரை கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும், சக்தியில் அது 12 கிராம் பெட்ரோலுக்குச் சமம். அதைத் தயாரிக்க இன்ஜின் கூடுதலாக எரிப்பது 100 கிராமுக்கு மேல். பத்து ரூபாய் போட்டு ஒரு ரூபாய் எடுக்கிற வியாபாரம். சில கிட்களோடு, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை ஏமாற்றிப் பெட்ரோலைக் குறைக்க வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் வரும்; மைலேஜ் கூடியது போலத் தெரிந்தால் அது அந்தப் பெட்டியின் கைவரிசைதான், நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு புகையில் ஏறுவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் டெல்லி பஸ்களில் ஹைட்ரஜன் கலந்தது? - வாசகி, மதுரை

பதில்: அது வேறு கதை. 2020 அக்டோபரில் ராஜ்காட் டிப்போவில், 50 பஸ்களுக்கு 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சிஎன்ஜி கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஹைட்ரஜன் பஸ்ஸில் உருவாகவில்லை. இந்தியன் ஆயில் டிப்போவிலேயே ஒரு யூனிட் போட்டு, சிஎன்ஜியோடு நீராவி சேர்த்து வினையூக்கி வழியாக விட்டு, சிஎன்ஜியின் முக்கிய வாயுவான மீத்தேனில் ஒரு பகுதியை மட்டும் ஹைட்ரஜனாக்கிக் கலவையாகவே எடுத்தது. தனியாக ஹைட்ரஜன் தயாரித்து, அழுத்தி, அப்புறம் கலக்கும் செலவு மிச்சம், எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

வெறும் சிஎன்ஜியைவிடக் கார்பன் மோனாக்சைடு 70 சதவீதம் வரை குறையும் என்றார்கள். கார்பன் டை ஆக்சைடில் அப்படி எதிர்பார்க்காதீர்கள்: கன அளவில் 18 என்பது ஆற்றலில் 6 சதவீதம்தான், அந்த ஹைட்ரஜனும் மீத்தேனிலிருந்தே வருவதால் அதிலிருந்த கார்பன் எப்படியும் கார்பன் டை ஆக்சைடாகத்தான் முடிகிறது. இன்னொன்று, தீ வேகமாகப் பரவுவதால் ஸ்பார்க் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நைட்ரஜன் ஆக்சைடு இங்கேயும் ஏறும்.