உபரிப் பணம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க மாநில அரசுகளின் பட்ஜெட் உபரி பற்றி அங்குள்ள நம் வாசகர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். கட்சிச் சண்டையின் கோபம் எல்லாக் கேள்விகளிலும் தெரிகிறது. ஒன்றையொன்று தொடும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மின்னசோட்டாவில் 2022 டிசம்பரில் 1,760 கோடி டாலர் உபரி என்று அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் பற்றாக்குறை வரப்போகிறது என்கிறார்கள். ஒரு கட்சி "ஊதாரித்தனமாகக் கரைத்துவிட்டார்கள்" என்கிறது, இன்னொன்று "மக்களுக்குத்தானே செலவு செய்தோம்" என்கிறது. உண்மையில் அந்தப் பணம் இருந்ததா?

இருந்தது. ஆனால் அது ஒரே மாதிரியான பணம் இல்லை. சண்டையே அங்கேதான் தொடங்குகிறது, ஆனால் மேடையில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்த 1,760 கோடியில் பெரும்பகுதி, அப்போது நடந்துகொண்டிருந்த பட்ஜெட் காலத்தில் செலவாகாமல் தேங்கி அடுத்த காலத்துக்கு வந்த தொகை. கொரோனாவுக்குப் பிறகு 2021 மார்ச்சில் வந்த மத்திய நிவாரணச் சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு மட்டும் 35,000 கோடி டாலர் கொடுத்தது. மக்கள் கைக்கும் பணம் போனது, அவர்கள் செலவு செய்தார்கள், விலையும் ஏறியது, விற்பனை வரி குவிந்தது, கம்பெனிகளின் லாபமும் வரியும் யாரும் கணிக்காத அளவுக்கு வந்தன. இதெல்லாம் ஒருமுறை அடித்த அலை. வருடா வருடம் தானாக வரக்கூடிய வருமானம் அந்த எண்ணுக்குள் ஒரு பகுதிதான்.

அதோடு இன்னொன்று. மின்னசோட்டாவில் பட்ஜெட் அலுவலகம் வருடத்துக்கு இரண்டு தடவை முன்னறிவிப்பு வெளியிடும். 2002-இல் வந்த ஒரு சட்டத்தால், அந்த முன்னறிவிப்பில் வருமானப் பக்கம் விலைவாசி உயர்வைச் சேர்ப்பார்கள், செலவுப் பக்கம் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். அதாவது சம்பளம் ஏறும், அதனால் வரி கூடும் என்று கணக்கு போடுவார்கள், ஆனால் அதே பள்ளியை நடத்த அடுத்த வருடம் கூடுதல் செலவாகும் என்பது கணக்கில் வராது. விலைவாசி தாறுமாறாக ஏறிய காலத்தில் இது உபரியை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டியது. 2023-இல்தான் இதைத் திருத்திச் சட்டம் போட்டார்கள். நல்ல வேலை அது. இருபது வருடம் தாமதம் என்பதுதான் வருத்தம்.

இப்போது கட்சிகளுக்கு வருவோம். 2022-இல் கவர்னர் டிம் வால்ஸ் டி.எஃப்.எல். கட்சிக்காரர் (மின்னசோட்டாவின் ஜனநாயகக் கட்சி), பிரதிநிதிகள் சபையும் அவர்களிடம், செனட் மட்டும் குடியரசுக் கட்சியிடம். அந்த பிப்ரவரி முன்னறிவிப்பில் உபரி 925 கோடி. வால்ஸ் ஒவ்வொருவருக்கும் 500 டாலர் செக் தரலாம் என்றார், அப்புறம் அதை 1,000 ஆக்கினார். குடியரசுக் கட்சியோ செக் வேண்டாம், வருமான வரி விகிதத்தையே நிரந்தரமாகக் குறையுங்கள் என்றது. மே மாதம் இரு தரப்பும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன: வரிக் குறைப்புக்கு 400 கோடி, செலவுக்கு 400 கோடி, மீதி 400 கோடி கையிருப்பாக இருக்கட்டும். மத்திய அரசு தரும் முதியோர் ஓய்வூதியத்துக்கு (சோஷியல் செக்யூரிட்டி) மாநிலம் போடும் வரியை முழுக்க நீக்குவதும் அதில் இருந்தது. ஆனால் விவரங்களில் முட்டிக்கொண்டு, மே 22 நள்ளிரவுக் கெடு தாண்டிப் போனது, சிறப்புக் கூட்டமும் நடக்கவில்லை. வயதானவர்களுக்கு வரிச் சலுகை கிடைக்கவில்லை, பள்ளிகளுக்குப் பணம் கிடைக்கவில்லை. கையில் பணம் இருந்தும், எழுதி வைத்த உடன்பாடு இருந்தும் அது நடக்காமல் போனதை எந்தக் கட்சிக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. செலவாகாத அந்தப் பணமும் சேர்ந்துதான் டிசம்பரில் உபரி ஊதிப் பெருத்தது.

நவம்பர் தேர்தலில் செனட்டும் 34-33 என்று ஒரே ஒரு இடம் வித்தியாசத்தில் டி.எஃப்.எல். கைக்கு வந்தது. 2023-இல் அவர்கள் சுமார் 7,200 கோடி டாலரில் இரண்டாண்டு பட்ஜெட் போட்டார்கள். அதற்கு முந்தையது சுமார் 5,200 கோடி. எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் இலவச உணவு, ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு குழந்தைக்கு 1,750 டாலர் வரை வரிக் கழிவு, இவையெல்லாம் அதில் வந்தவை. எனக்கு இந்த இரண்டு திட்டங்களும் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் இவை வருடா வருடம் பணம் கேட்கும் திட்டங்கள். ஒருமுறை வந்த பணத்தின் தைரியத்தில் தொடர்செலவை ஏற்றியதை எதிர்க்கட்சி கேட்டது சரியான கேள்விதான். அதே நேரம், அவர்கள் கேட்ட நிரந்தர வரிக் குறைப்பும் வருடா வருடம் வருமானத்தைக் குறைத்திருக்கும், அதுவும் அதே ஓட்டையைத்தான் போட்டிருக்கும். 2024 டிசம்பர் முன்னறிவிப்பு 2028-29 இரண்டாண்டுக்கு 510 கோடி டாலர் பற்றாக்குறை காட்டியபோது இரு தரப்பும் எதிர்த்தரப்பை மட்டுமே கைகாட்டியதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: இதில் என்ன குழப்பம்? மக்களிடம் அதிகமாக வாங்கிவிட்டார்கள். அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். அவ்வளவுதானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, யாருக்கு, எந்தக் கணக்கில் கொடுப்பது?

ஓரிகானைப் பாருங்கள். அங்கே எதிர்பார்த்ததைவிட வருமானம் 2 சதவீதத்துக்கு மேல் கூடினால், அந்தக் கூடுதல் முழுவதும் மக்களுக்கே போக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அதுவும் கட்டிய வருமான வரியின் விகிதத்தில். 2024-இல் வந்த தொகை 561 கோடி டாலர். 2022-க்குக் கட்டிய வருமான வரியில் ஏறத்தாழ 44 சதவீதம் திரும்பி வந்தது. 1,000 டாலர் கட்டியவருக்கு 440 டாலர், ஒரு லட்சம் கட்டியவருக்கு 44,000. கொலராடோவில் 1992-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, மக்கள் தொகையும் விலைவாசியும் கூடும் அளவைத் தாண்டி வந்த வருமானத்தைத் திருப்பித் தர வேண்டும். 2022-இல் அங்கே தனிநபருக்கு 750 டாலர், தம்பதிக்கு 1,500 என்று பணக்காரர், ஏழை பார்க்காமல் ஒரே அளவு செக் போனது. "திருப்பிக் கொடுப்பது" என்ற ஒரே வார்த்தைதான், ஆனால் யார் கையில் எவ்வளவு என்பது தலைகீழாக மாறுகிறது. விற்பனை வரி, பெட்ரோல் வரி கட்டியவர்களில் வருமான வரியே கட்டாதவர்களும் உண்டு. அவர்களுடைய பணமும் உபரியில் இருக்கிறதே.

மின்னசோட்டாவிலும் கடைசியில் 2023-இல் செக் வந்தது. தனிநபருக்கு 260 டாலர், மூன்று குழந்தைகள் உள்ள தம்பதிக்கு அதிகபட்சம் 1,300. தனிநபர் என்றால் 75,000, தம்பதி என்றால் 1,50,000 டாலர் வருமானம் வரைதான். அதற்கு அடுத்த ஜனவரியில் தபாலில் ஒரு வரிப் படிவம் வந்தது: அந்த 260-ஐ மத்திய அரசின் வருமானக் கணக்கில் காட்டி வரி கட்டுங்கள் என்று! மாநிலம் கொடுத்ததில் ஒரு பகுதி வாஷிங்டனுக்குப் போனது. அதே வருடம் மினியாபொலிஸ்-செயின்ட் பால் நகரங்களும் புறநகரும் சேர்ந்த பகுதியில் போக்குவரத்துக்கும் வீட்டு வசதிக்கும் விற்பனை வரியை ஒரு சதவீதம் கூட்டினார்கள். உபரி இருந்த வருடத்தில் வரியை ஏன் கூட்டினார்கள் என்ற கோபம் எனக்குப் புரிகிறது. போக்குவரத்துக்கு நிலையான வருமானம் வேண்டும் என்பது அவர்கள் பதில், அதிலும் விஷயம் உண்டு. ஆனால் ஒரு கையால் செக், மறு கையால் வரி என்பதை முதலிலேயே மக்களிடம் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: விஸ்கான்சினில் கவர்னர் பள்ளிகளுக்கு 400 வருடத்துக்குப் பணம் ஒதுக்கினார் என்று ஒரு நண்பர் சொன்னார். வதந்திதானே?

இல்லை, நடந்ததுதான். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு திருத்தம் தேவை.

2023-இல் விஸ்கான்சினிலும் ஏறத்தாழ 700 கோடி டாலர் உபரி. கவர்னர் டோனி எவர்ஸ் ஜனநாயகக் கட்சி, சட்டமன்றத்தின் இரு அவையும் குடியரசுக் கட்சி. அவர்கள் 350 கோடிக்கு வருமான வரிக் குறைப்பை எழுதி அனுப்பினார்கள். எவர்ஸ் அதில் பெரும்பகுதியை வெட்டி, கீழ் இரண்டு வருமான வரி அடுக்குக்கு மட்டும் விட்டார், மிச்சம் சுமார் 17.5 கோடி.

அந்த மாநிலத்தில் கவர்னருக்குப் பட்ஜெட் மசோதாவை முழுசாக மறுக்காமல் அதிலிருந்து சில பகுதிகளை மட்டும் அடிக்கும் உரிமை 1930 முதலே உண்டு. பள்ளிகள் ஒரு மாணவருக்கு இவ்வளவு திரட்டலாம் என்ற வருமான வரம்பை ஆண்டுக்கு 325 டாலர் உயர்த்தும் பிரிவில், "2023-24" என்றும் "2024-25" என்றும் இரண்டு கல்வியாண்டுகள் இருந்தன. எவர்ஸ் இடையில் இருந்த சொற்களை அடித்தார், கடைசியில் "2024-25" என்பதில் ஒரு "20"-ஐயும் ஒரு சிறு கோட்டையும் அடித்தார். மிஞ்சியது 2425. அவ்வளவுதான், இரண்டு வருட உயர்வு 400 வருட உயர்வாகிவிட்டது. வழக்கு போனது, 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று செல்லும் என்றது. நண்பர் சொன்னதுபோல் அரசு பணம் ஒதுக்கவில்லை. பள்ளிகள் திரட்டலாம் என்ற வரம்புதான் உயர்ந்தது. மாநில உதவி கூடாத வருடங்களில் அது வீட்டுக்காரர்களின் சொத்து வரியாகத்தான் வரும்.

இதை ஒரு கட்சியின் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் குடியரசுக் கட்சி கவர்னர் ஸ்காட் வாக்கர் "டிசம்பர் 31, 2018" என்ற தேதியில் நடுவே மூன்று எழுத்துகளை அடித்து டிசம்பர் 3018 ஆக்கினார். இருவர் செய்ததும் எனக்குத் தவறாகவே படுகிறது. பள்ளிக்கு 325 டாலர் கூடுதல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரதிநிதிகள் யாருமே வாக்களிக்காத ஒரு சட்டம் பேனா முனையில் பிறக்கக் கூடாது.

கேள்வி: உபரி இருந்தால் மாநிலத்துக்குக் கடன் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. வெர்மான்ட் தவிர எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் பட்ஜெட்டைச் சமன் செய்ய வேண்டும் என்ற விதி உண்டு. அது அன்றாடச் செலவுக் கணக்கு. சாலை, கட்டடத்துக்குப் பத்திரம் விற்று வாங்கும் கடனும், ஊழியர் ஓய்வூதிய நிதியில் விழுந்திருக்கும் பள்ளமும் வேறு கணக்கு. உபரி அறிவிக்கும் நாளில் அந்தப் பள்ளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேள்வி: கலிஃபோர்னியாவில் 9,750 கோடி உபரி எப்படி ஒன்றரை வருடத்தில் பற்றாக்குறையானது? யார் திருடினார்கள்?

யாரும் திருடவில்லை. அங்கே வருமான வரியில் சில வருடங்களில் ஏறத்தாழ பாதியை மேல்தட்டு ஒரு சதவீதம் பேர் கட்டுகிறார்கள். அவர்கள் வருமானம் சம்பளத்தைவிடப் பங்குச் சந்தையைப் பார்த்து ஏறி இறங்கும். 2021-இல் சந்தை பறந்தது, 2022 மே மாதம் கவர்னர் நியூசம் அந்த எண்ணை அறிவித்தார், அதே வருடம் சந்தை விழுந்தது. அடுத்து 2023 குளிர்கால வெள்ளத்தைக் காரணம் காட்டி மத்திய வரித்துறை பெரும்பாலான மாவட்டங்களுக்கு வரி கட்டும் கெடுவை நவம்பர் வரை தள்ளியது, மாநிலமும் அதன்படியே தள்ளியது. ஜூனில் பட்ஜெட் நிறைவேற்றியபோது எவ்வளவு வரி வரும் என்றே தெரியாது. நவம்பரில் கணக்கு வந்ததும் சட்டமன்றத்தின் சொந்த ஆய்வு அலுவலகம் 6,800 கோடி டாலர் பள்ளம் என்றது. கவர்னர் ஜனவரியில் சொன்னது சுமார் 3,800 கோடி. இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம்கூட வருமானத்தை எப்படிக் கணிக்கிறோம், எதை எந்தக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதால் வந்ததுதான்.

கேள்வி: ஒரே கட்சி ஆண்டால் இந்தச் சண்டை இருக்காதே?

டெக்சாஸைப் பாருங்கள். 2023 ஜனவரியில் 3,270 கோடி டாலர் உபரி, கவர்னர், இரு அவைகள் எல்லாமே குடியரசுக் கட்சி. சொத்து வரியைக் குறைக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எப்படி என்பதில் செனட்டை நடத்தும் துணை கவர்னரும் பிரதிநிதிகள் சபையும் பல மாதம் மோதிக்கொண்டார்கள். வழக்கமான கூட்டம் முடிந்து, இரண்டாவது சிறப்புக் கூட்டத்தில், ஜூலையில்தான் முடிவு வந்தது. குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் வரி போடாமல் விடும் தொகை 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சம் ஆனது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு நேரடியாக ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. வாடகையிலும் சொத்து வரி அடங்கியிருக்கிறது, அதைக் கட்டுபவர்களுக்காகப் பேச அந்தச் சண்டையில் யாரும் பலமாக நிற்கவில்லை.

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் தொகுதி உறுப்பினர் மக்களைச் சந்திக்கிறார். நான் எந்தக் கட்சியும் இல்லை. என்ன கேட்கலாம்?

அறிவித்த உபரியில் முந்தைய காலத்திலிருந்து வந்த மீதி எவ்வளவு, இந்த வருட வரவிலிருந்து வந்தது எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அவர் பெரிய எண்ணை மட்டும் திரும்பச் சொன்னால் விடாதீர்கள். அடுத்து, அவர் ஆதரிக்கும் திட்டத்துக்கோ வரிக் குறைப்புக்கோ நான்காவது வருடத்தில் என்ன செலவாகும் என்று கேளுங்கள், முதல் வருடத்துக்கு அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் மசோதாவுடனே செலவு மதிப்பீட்டுக் குறிப்பு ஒன்று இணைந்திருக்கும், சட்டமன்றத்தின் தளத்தில் அது எல்லோருக்கும் திறந்தே இருக்கும். அதை அச்சிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பதில் என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதை வைத்தே பேசுவோம்.