ஒதுங்கி வாழ்வது எந்தச் சமயம்?

கேள்வி: யாருக்கும் தீங்கு நினையாமல், ஊர் வம்புக்குப் போகாமல் ஒதுங்கி வாழ்கிறேன். வீட்டில் வேலை செய்யும் பெண்ணைக்கூட ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. நல்லவனாக, அன்பானவனாக இருப்பதே என் சமயம் என்று முடிவு செய்து, கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். உறவினர்கள் குறை சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: கோயிலுக்குப் போவதும் போகாமல் விடுவதும் உங்கள் விருப்பம். ஆறுமுக நாவலரும் வடலூர் வள்ளலாரும், வள்ளலார் பாடிய பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற சண்டையில் நீதிமன்றம் வரை போனவர்கள். நாவலர் ஆகமம் வழுவாத கோயில் வழிபாட்டுக்காக ஆயுள் முழுக்க வாதாடினார். வள்ளலார் ஜீவகாருண்யமே வழிபாடு என்றார். வடலூர்த் தருமச்சாலையில் 1867 மே 23ஆம் திகதி மூட்டிய அடுப்பு இன்றும் ஏழைகளுக்குச் சோறு ஆக்குகிறது. நாவலரும் சும்மா இருக்கவில்லை. 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். இன்றைக்கும் இவ்விருவரின் பேரால் சண்டை பிடிப்பவர்கள் அருட்பாவா மருட்பாவா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் உலை கொதித்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஆகவே கோயில் விவகாரத்தை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறொரு சொல்: 'ஒதுங்கி'.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர் ஒருவனை அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவ்வழியே வந்த ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான். பின்னால் வந்த லேவியனும் அப்படியே. இருவரும் அவனை அடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. உங்கள் அளவுகோலால் அளந்தால் அவர்கள் இருவரும் உங்கள் சமயத்தவர்கள். நின்றவன் சமாரியன். காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, கையில் இருந்த காசையும் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

எரிகோ வரை போகவும் வேண்டாம். உங்கள் வெள்ளவத்தையிலேயே கேட்டுப் பாருங்கள். 1983 யூலையில் வாக்காளர் இடாப்போடு கும்பல்கள் தெருத்தெருவாக வந்தபோது, கொழும்பில் தமிழரைத் தங்கள் வீடுகளில் மறைத்து வைத்த சிங்களவர் பலர். முஸ்லிம்களும் பறங்கியரும் மறைத்தார்கள். கட்டிலுக்கு அடியிலும் சாமான் அறையிலும் குளியலறையிலும் குடும்பம் குடும்பமாக மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். கேற்றைத் தட்டும்போது, 'இங்கே தமிழர் யாரும் இல்லை' என்று சொல்வதற்கு ஒருவர் வெளியே வர வேண்டியிருந்தது. பௌர்ணமிப் போயா தோறும் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போய், பொய் சொல்லாதிருப்பேன் என்று நான்காவது சீலத்தை எடுத்துக்கொண்ட பெண்கள் அன்றைக்குக் கேற்றடியில் நின்று பொய் சொன்னார்கள். பொய் பிடிபட்டால் எரியப்போவது தங்கள் வீடு என்று தெரிந்தே சொன்னார்கள். அன்று அந்தச் சீலம் உடைந்ததை விடப் பெரிய பக்தியை நான் அறியேன்.

அதே ஒழுங்கையில் யன்னல் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஒதுங்கி இருந்தார்கள்.

அன்று நாட்டின் தலைவராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, வன்செயல் தொடங்கி நான்கு நாட்கள் கழித்து, யூலை 28ஆம் திகதிதான் தொலைக்காட்சியில் தோன்றினார். அந்த உரையில் வீடிழந்த தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. அவரே 1996இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி அவருடைய கண்கள் ஜப்பானுக்குப் போயின. அந்தத் தானத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். இலங்கையின் கண்தானம் உலகமே வணங்க வேண்டிய காரியம். ஹட்சன் சில்வா 1958இல், மருத்துவ மாணவராக இருந்தபோதே, பத்திரிகையில் எழுதிக் கண்தானம் கேட்டார். கிடைத்த கண்களைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் பிறந்தது. 1964இல் ஐஸ் நிரப்பிய தேத்தண்ணீர்ப் பிளாஸ்க் ஒன்றில் முதல் கண்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. அதன்பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் யாரோ முகம் தெரியாதவர்கள் நம் நாட்டுக் கண்களால் பார்க்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் இறந்தபின் கொடுப்பவருக்கு வலி இல்லை, நட்டம் இல்லை, அயலவரின் பகை இல்லை. 1983 யூலையில் தேவைப்பட்டவை உயிருள்ள கண்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இந்த விஷயத்தை நான் தொடும்போதெல்லாம், 'எங்கள் வீட்டுக் காரியத்தில் ஏன் தலையிடுகிறீர்கள்' என்று கோபக் கடிதங்கள் வரும். வரட்டும். கொழும்புத் தமிழ் வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் பலர் மலையகத்தவர்கள். 1948இல் அவர்களுடைய பாட்டன், பாட்டியரின் குடியுரிமையைப் பறித்தார்கள் என்று மேடையில் முழங்குகிற நாமே, அவர்களுக்குக் குசினியில் தனிக் கோப்பை வைத்திருக்கிறோம். விருந்தினர் போனபின் மிஞ்சியதைக் கொடுக்கிறோம். இரவில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுக்கவிடுகிறோம். காலையில் அந்தப் பாய் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாத்தப்பட்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படாது. சட்டமும் அவர்களிடமிருந்து ஒதுங்கியே நிற்கிறது. வீட்டுப் பணியாளருக்கென்று இயற்றிய தனிச் சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது. அது அவர்களைப் பதிவு செய்வதற்காக வந்தது. 2016இல் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் கொண்டுவந்தபோதும் வீட்டுப் பணியாளரை வெளியே விட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிந்து பேசியதில்லை என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், மற்றதை எழுதவில்லை. அன்பையே சமயமாக எடுத்துக்கொள்வது மிகப் பெரிய முடிவு. அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன். அந்தப் பெண் எந்தத் தோட்டத்திலிருந்து, அல்லது எந்த ஊரிலிருந்து வந்தவர்? மாதத்தில் எத்தனை நாள் அவருக்கு ஓய்வு? சம்பளம் அவர் கையில் போய்ச் சேருகிறதா, அழைத்து வந்த தரகரின் கைக்கா? காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போவது யார்? இவற்றுக்கு விடை தெரியாவிட்டால் அவரிடமே கேட்டு, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். உங்கள் பெயரைப் போடாமல் இதே பக்கத்தில் முழுவதையும் பிரசுரிக்கிறேன்.